தலைகீழ் நாமம்

ராஸ் அல் கைமாவில் கடலைத் தூர்வாரும் கப்பலில்
எனக்கு வேலை குழாயின் வாயில்.
சேறு வரும், சிப்பி வரும்,
ஒருமுறை முழுசாய் ஒரு ஃபிரிட்ஜ் வந்தது.
செவ்வாய்க்கிழமை மதியம்
சல்லடைக் கம்பியில் ணங்கென்று விழுந்து
மொத்தத் தளத்தையும் நிறுத்தியது
ஓர் இரும்புருண்டை.

வெடித்துவிடும் என்று ஒருவன் ஓடினான்.
இருநூறு வருஷமாய் ஆறிப்போனது, வெடிக்காது
என்றார் சர்வேயர் பென்ஹாலோ.
ஓடியவன் அன்று முழுக்கத் திரும்பவில்லை.

உளியால் சிப்பி பெயர்த்தேன்.
துருவுக்கு அடியில் மூன்று கோடுகள்,
உச்சியில் கூடும் அம்பு.
ராஜாவின் சொத்து என்பதற்கு
ராஜாவின் ஆட்கள் குத்திய முத்திரையாம்.
உருண்டைக்கு ஏது மேலும் கீழும்?
திருப்பிப் பிடித்தேன்.
அசல் நாமம்!
சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்.
ஏமாந்தவன் நெற்றியில் எங்கள் ஊரில்
இதைத்தான் போடுவார்கள் என்று
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எப்படிச் சொல்ல?

அவருக்கோ பேச்சு பிடித்துக்கொண்டது.
கார்ன்வால் கரையோரக் குடும்பம்,
தலைமுறைக்கு ஒரு மாலுமி.
மூத்தவன் ஜேகோ, கடற்கொள்ளையன்.
இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது,
அவனிடம் தாள் இருந்தது.
எதிரி நாட்டுக் கப்பலை அடிக்கலாம்,
அடித்ததில் பத்தில் ஒன்று அரண்மனைக்கு
என்று அரக்கு வைத்த தாள்.
ஸ்பானிய வெள்ளியை அள்ளிவந்து
ஊர்ச் சர்ச்சுக்கு மணி வாங்கிக் கொடுத்தான்.
தாள் காலாவதியாகிப் பதினோராம் நாள்
இன்னொரு கப்பலை அடித்தான்.
நடுக்கடலில் யார் காலண்டர் கிழிக்கிறார்கள்?
அதே துறைமுகத்தில் தூக்கிலிட்டார்கள்.
அவன் கொடுத்த மணியைத்தான் அடித்தார்கள்.

அப்புறம் பெட்ராக்.
பதினாறு வயதில் சாராயக்கடை வாசலில் நின்றவனைக்
கொத்தாய்ச் சட்டையைப் பிடித்துத் தூக்கிப்போய்க்
கடற்படையில் போட்டார்கள்.
ஏஜென்டுக்குப் பணம் கட்டவில்லையா என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
நாற்பது வயதில், பீரங்கிக்குத் திரி வைப்பவனாய்,
இதே தண்ணீரில் நின்றிருக்கிறான்.
நாள்கணக்கில் இந்த ஊரைச் சுட்டார்கள்.
கரையில் இருந்தவர்களைக்
கொள்ளையர் என்று எழுதி வைத்தார்கள்.
அவர்களிடம் ஷேக்கின் வாக்கு இருந்தது,
தாள்தான் இல்லை.

பெட்ராக் செத்தது குண்டில் அல்ல, வயிற்றுப்போக்கில்.
தளபதிக்குச் சிலை கிடைத்தது.
இவனைப் பாய்த்துணியில் வைத்துத் தைத்தார்கள்,
கடைசித் தையல் மூக்கு வழியாக,
உயிர் இருந்தால் அலறுவான் அல்லவா.
சொல்லும்போது பென்ஹாலோ
தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவருடைய தாத்தா பஸ்ராவில்
கண்ணிவெடி வாரும் கப்பலில் கரி அள்ளியவர்.
பதக்கம் வந்தது. அதை விற்ற காசில்
வீட்டுக்கு ஒரு குளியலறை வந்தது.

காவலுக்கு நின்ற உபைத்
உருண்டையைக் கையில் வாங்கினார்.
எரிந்த தெருக்களில் ஒன்று அவருடையது.
ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றோம்.
பன்னிரண்டு ராத்தல் இருக்கும் என்றார்.
எங்கள் வீட்டுக் கதவுக்கு
முட்டுக்கொடுக்க இதேபோல் ஒன்று கிடக்கிறது.

மியூசியத்திலிருந்து வந்து எடுத்துப்போனார்கள்.
கண்ணாடிக்குள்
அம்பு மேலே பார்க்க வைத்திருப்பார்கள்.

இரவு, பேரீச்சந்தோப்பு மோட்டார் கொட்டகைக்குச்
சோற்றுப் பொட்டலத்தோடு நடந்தேன்.
சூசையா அங்கேதான் இருக்கிறான்.
போன வருஷம் கம்பெனியின் முதல் வெல்டர்,
மேடையில் ஏற்றிக் கைக்கடிகாரம் கொடுத்தார்கள்.
அவன் தாளைப் புதுப்பிக்க மறந்ததும் அவர்கள்தான்.
இப்போது நோட்டீஸ் பலகையில்
அவன் போட்டோவுக்குக் கீழே
தலைமறைவு என்று ஒட்டியிருக்கிறது.

விளக்குப் போடாமல் சாப்பிட்டான்.
ஜேகோ கதையைச் சொன்னேன்.
தூக்கு வரைக்கும் கேட்டுவிட்டு
விரலை நக்கியபடி கேட்டான்,
அந்த மணியைக் கழற்றிவிட்டார்களா?
இல்லை, ஞாயிறுதோறும் அடிக்கிறதாம் என்றேன்.
மீன் குழம்பு மிச்சம் இருக்கிறதா என்றான்.